பால் கறந்துவிட்டு வந்து சேரும் தூரத்தில் ஒரு வீடு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் காணையைத் தாண்டினால் கெடார் வரும். கெடாரையும் சுற்றுப்பட்டுக் கிராமங்களையும் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் இன்று சென்னை, பெங்களூரு, வளைகுடா, சிங்கப்பூர் என்று பிரிந்து கிடக்கின்றன. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றவோ, பேரப்பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தவோ எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். வருகிறவர்கள் சேர்ந்து தங்கத்தான் இடமில்லை. பாகப் பிரிவினையில் பழைய வீடு மூன்றாகிவிட்டது. ஒரு பங்கு கைமாறிப் போயிற்று, ஒன்று பூட்டிக் கிடக்கிறது, மிச்சமுள்ளதில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கழிப்பறை. முப்பது பேர் அங்கே இரவு தங்க முடியாது. அதனால்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முழு வீட்டையே வாடகைக்குப் பிடிக்கும் யோசனை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் எழுகிறது.

வீடு தேடும் வேலை பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகளிடம் வருகிறது. செல்போனில் தேடினால் முதலில் கண்ணில் படுபவை ஆரோவில்லைச் சுற்றியுள்ள வீடுகளும் கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களும்தான். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம், குயிலாப்பாளையம் எல்லாமே விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருப்பவை. நீச்சல் குளம், புல்தரை, கடற்காற்று என்று படத்தில் மனதை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் கெடாரில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டு, “நீங்களும் ரெண்டு நாள் வந்து தங்கிடுங்க” என்றால், “மாட்ட யாருப்பா கறக்கறது?” என்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாது. காலையும் மாலையும் கறவை இருக்கிறது. மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) தண்ணீர் கட்ட வேண்டும். கடலோரத்தில் வீடு எடுத்தால் சென்னைக்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் சேர்வார்கள்; ஊரைக் கட்டிக் காத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். அதைக் குடும்பம் கூடியதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே நான் முதலில் பார்க்கச் சொல்வது தூரத்தை. பால் கறந்து ஊற்றிவிட்டு, டிவிஎஸ் 50-இல் ஏறி, காலைப் பலகாரத்துக்கு வந்து சேரும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். கெடார்க்காரர்களுக்குக் காணை பக்கத்துப் பண்ணை வீடோ, விழுப்புரம் நகரின் வெளிப்புறத்தில் உள்ள தனி வீடோ போதும். விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி எனப் பல திசைகளிலிருந்தும் வண்டி வருகிறது. அவசரமென்றால் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். திண்டிவனத்தைச் சுற்றி உறவு உள்ளவர்கள் அங்கேயே தேடலாம்.

வாடகை வீட்டில் இன்னொரு நன்மை உண்டு, அதைப் பலரும் யோசிப்பதில்லை. பாகத்தில் மனஸ்தாபம் வந்து பத்து வருடமாக ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காத அண்ணன் தம்பிகள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு ஊருக்கே வராத பெண்கள் இருக்கிறார்கள். பெரியவர் வீட்டில் கூடினால், அவரை வா என்பதா, இவளைச் சேர்ப்பதா என்ற பேச்சு கிளம்பும். மூன்றாம் மனிதர் வீட்டில் ‘என் வாசல்’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. எல்லோரும் விருந்தாளிகள்தான். அதனால்தான் வீடு பேசப் போகும்போது “நீங்க என்ன ஆளுங்க?” என்று துருவும் உரிமையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. அப்படிப்பட்ட இடத்துக்கு நம் வீட்டுப் பெண்ணையும் மருமகனையும் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அடுத்தது தண்ணீர். படுக்கை எத்தனை என்று எல்லோரும் கேட்கிறார்கள், தொட்டி எவ்வளவு என்று கேட்பவர் குறைவு. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். முப்பது பேருக்கு 4,000 லிட்டருக்கு மேல் ஆகிறது. நான்கைந்து பேர் வாழக் கட்டிய வீட்டின் மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிதான் இருக்கும். கோயிலுக்குப் போகும் காலையில் ஆறு மணிக்கு எல்லோரும் குளிக்க ஆரம்பித்தால், ஏழு மணிக்குக் குழாயில் காற்றுதான் வரும். யாராவது ஒருத்தி தலையில் சீயக்காயோடு நிற்பாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தால் மோட்டாரும் ஓடாது. இன்வெர்ட்டர் மின்விசிறிக்கும் விளக்குக்கும்தான். ஜெனரேட்டர் உண்டா, செப்டிக் டேங்க் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் மூத்தவர் யாரோ, அவருடைய காலால் அந்த வீட்டை நடந்து பாருங்கள். வாசல்படியிலிருந்து கழிப்பறை வரை எத்தனை இடத்தில் கால் தூக்க வேண்டியிருக்கிறது? தரைத்தளத்தில் படுக்கையறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் அடுத்தடுத்து இருக்கின்றனவா? கழிப்பறைக் கதவு இரண்டடி அகலம் என்றால் சக்கர நாற்காலி உள்ளே நுழையாது. “பலகை போட்டு ஏத்திடலாம் சார்” என்பார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது கட்டடக் கலையின் கணக்கு. ஒன்றரை அடிப் படிக்கு நாலடிப் பலகை போட்டால் அது பாட்டியைச் சறுக்கிவிடும் பலகை. குழந்தைகளுக்கு நீச்சல் குளத்தைவிட அஞ்ச வேண்டியது, பண்ணை வீடுகளில் சுற்றுச்சுவர் இல்லாமல் கிடக்கும் தரைக்கிணறு. அதற்கு வலை போட்டு மூடித் தருவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள்.

குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் குடும்பமானால், கறி சமைக்க அனுமதி உண்டா என்பதை வெட்கப்படாமல் முதலிலேயே கேட்க வேண்டும். சில வீடுகளில் அசைவமே கூடாது. சமையலறையில் இரண்டு அடுப்பு கேஸ் ஸ்டவ் இருக்கும், அதில் முப்பது பேருக்கு ஆகாது. பின்பக்கம் விறகு மூட்டக் கூரைபோட்ட இடம் வேண்டும். அண்டா, ஜல்லிக் கரண்டி எல்லாம் பாத்திர வாடகைக் கடையில் கிடைக்கும். ஆள் ஐம்பதைத் தாண்டினால் வீட்டை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆடியில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். நமக்கோ அதுதான் அம்மன் மாதம். தேதி குறிக்குமுன் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம் அன்று விழுப்புரம்-திருவண்ணாமலைச் சாலையை நிறைத்துவிடும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய பிள்ளைகள் வந்து தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அது அவருக்குத் தெரியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பிரிப்பதில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. தலைக்குச் சமமாகப் பிரித்தால் சிங்கப்பூர்க்காரருக்குச் சில்லறை, ஊரிலிருப்பவருக்கு ஒரு மாதப் பால் காசு. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி போடும்போதுகூட முடியாதவர்களிடம் நெல்லாக வாங்கிக்கொண்ட வழக்கம் நம்மிடம் உண்டு. வாடகையைச் சம்பளக்காரர்கள் ஏற்கட்டும். ஊர்க்காரர்கள் அரிசி, காய், பால், விறகு என்று கொண்டு வரட்டும். அந்த அரிசி மூட்டையையும் விலை போட்டு, பணம் கொடுத்தவர்கள் இருக்கும் அதே கணக்குத் தாளில், கொண்டு வந்தவர் பெயருக்கு நேரே வரவாக எழுதுங்கள்.