வடக்கே போய்ப் பிடித்த தெற்கு வண்டி

கீழ்க்கட்டளையிலிருந்து தெற்கே சொந்த ஊருக்குப் போக, எண்பதுகளில் நாங்கள் முதலில் வடக்கே போவோம். டிரங்குப் பெட்டி, ஹோல்டால், தண்ணீர்க் கூஜா சகிதம் பஸ்ஸில் பல்லாவரம். அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர். பெட்டிகள் காலியாக வந்து நிற்பதற்குள் சித்தப்பா ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடித்துவிடுவார். பிறகு அந்த வண்டி, கொஞ்ச நேரத்துக்கு முன் நாங்கள் நின்றிருந்த பல்லாவரம் பிளாட்பாரத்தை நிற்காமல் தாண்டிப் போகும். தாம்பரத்தில் நிற்கும்தான். ஆனால் அங்கே ஏறுகிறவர்களுக்கு ஒற்றைக்காலில் நிற்க இடம் கிடைத்தாலே பாக்கியம்.

மீட்டர் கேஜ் பெட்டி சிறியது. எங்கள் கூட்டம் ஏறினால் ஒரு பகுதியே எங்கள் வீடாகிவிடும். விழுப்புரம் வரைதான் மின்கம்பி. அறுபதுகளில் ஜப்பானிலிருந்து தருவித்த மின் எஞ்சின் அங்கே கழன்றுகொள்ள, டீசலோ கரி எஞ்சினோ வந்து கோத்துக்கொள்ளும் வரை வண்டி சாவகாசமாக நிற்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலம் பிரிவது அப்போதுதான். எதிர் இருக்கைக்காரர் யாரென்றே தெரியாது. அவர் பிள்ளைக்கும் இரண்டு இட்லி போகும். கரி எஞ்சினாக இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கண்ணைக் கசக்கியபடி ஊர் போய்ச் சேர்வான். மணப்பாறை முறுக்குக்காக அப்பா தூங்காமல் காத்திருப்பார். கோவில்பட்டி வந்துவிட்டால் எங்களை எழுப்பிக் கடலைமிட்டாய்க்காரரை யாரும் காட்ட வேண்டியதில்லை.

இதையெல்லாம் இனிப்பாக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் அன்று ஜன்னலோரம் கிடைத்தவர்கள். எங்கள் அத்தையைக் கேட்டால் வேறு கதை வரும். கழிப்பறைக் கதவருகே புடவை விரித்துக் கைக்குழந்தையோடு விடிய விடிய உட்கார்ந்தவர் அவர்.

தொண்ணூறுகளில் தொடங்கி அகலப்பாதை தெற்கே படிப்படியாக இறங்கியது. 1931 முதல் மின்சாரத்தில் ஓடிய கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றன. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2002-இல், ஐ.ஆர்.சி.டி.சி. தளம் வந்திருந்தது. துண்டு போட்ட சித்தப்பாவின் இடத்தில் இப்போது அண்ணன் மகன், காலை எட்டு மணிக்கு முன்பே கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைத்த பிறகு, தீபாவளி டிக்கெட் அதிர்ஷ்டக்காரர்களுக்கே. கிடைத்தாலும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. பாட்டிக்கு பி2-இல் லோயர், மருமகளுக்கு பி4-இல் அப்பர், எனக்கு ஆர்.ஏ.சி. 'சாப்பிட்டாச்சா?' என்று ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகிறது.

சரி, இந்த இழப்புக்கு ஈடாக வேகமாவது கூடியதா? இரவு வண்டிகளில் நன்றாகவே கூடியது. பகல் வண்டியில் அவ்வளவாக இல்லை. 1977 ஆகஸ்ட் 15-இல் புறப்பட்ட வைகை எக்ஸ்பிரஸ், அந்த ஒடுக்கப் பாதையிலேயே மதுரை - எழும்பூர் தூரத்தை ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் ஓடியது. 2019-இல் வந்த தேஜஸ் அதில் மிச்சம் பிடித்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உண்மையில் மாறியது ஜன்னல்தான். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத்தில் கண்ணாடி அகலமானது, அழகானது, திறக்காது. மணப்பாறையில் அது நிற்பதும் இல்லை.

ஜன்னல் காட்சி விஷயத்தில் இத்தாலி இதைவிட மோசம். குடும்பத்தோடு ரயிலேறி நாட்டுப்புறம் பார்க்கப் போகிறவர்கள் பொலோன்யாவுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் நடுவே, 2009-இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறினால் மலையைப் பார்க்க முடியாது, மலைக்குள்தான் போக வேண்டும். சுமார் 78 கிலோமீட்டரில் எழுபதுக்கு மேல் சுரங்கம். அபெனைன் மலையைக் கண்ணால் காண, 1864-இல் திறந்த பொர்ரெத்தானா பாதையின் மெதுவான வண்டிதான் கதி.

நமக்குச் சுரங்கம் இல்லை, இரவும் ஏ.சி.யும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கிய ராமேஸ்வரம் வண்டி தாம்பரத்திலேயே புறப்படுகிறது. எழும்பூர் போய்த் திரும்பும் கூத்தெல்லாம் இல்லை. தாம்பரத்தில் காலிப் பெட்டியில் கால் நீட்டி உட்காரலாம். அதற்காகவே அந்த வண்டி எனக்குப் பிடிக்கும். ஆனால் மாயவரம், திருவாரூர் என்று அது போகும் டெல்டா முழுக்க இருட்டு.

ஆகவே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது மதியம் கிளம்பும் அதே வைகை. ஏ.சி. வேண்டாம், திறந்த ஜன்னல் உள்ள இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டி போதும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அதைத் தாண்டினால் பாலாறு, மாலையில் கொள்ளிடம், காவிரி, மலைக்கோட்டை. ஜன்னலோரச் சண்டை வரும். சித்தப்பா பாணியில் நீங்கள்தான் தீர்க்க வேண்டும். இட்லியை மட்டும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றாததால் விழுப்புரத்தில் வண்டி இப்போது அவ்வளவு நேரம் நிற்பதில்லை.