தூங்கும் போனை எழுப்பும் வேலை

பாட்டிக்கு இரவு 9 மணி மாத்திரையை நினைவூட்டும் செயலி ஒன்றை எழுதுகிறோம். அது உள்ளே விழித்திருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 9 மணிக்குச் செயலி அநேகமாக உயிரோடு இருக்காது. அது பிடித்திருந்த நினைவகத்தைப் போன் எப்போதோ பிடுங்கியிருக்கும். திரை அணைந்ததும் பிராசஸரும் உறங்கப் போய்விடும். நேரத்தைக் கவனிக்க விழித்திருப்பது ஒரு சின்னக் கடிகாரச் சுற்று மட்டும்தான். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அதை ஓட்டுகிறது.

ஆகவே, நாலு மணிக்கு எழுப்பிவிடுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுப்பதுபோல, செயலி தன் நேரத்தைச் சிஸ்டத்திடம் பதிந்து வைக்கவேண்டும். ஆண்ட்ராய்டில் அந்தப் பொறுப்பு அலாரம் மேனேஜருடையது.

ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் பேட்டரி கொஞ்சம் கரைகிறது. அதனால் 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, அருகருகே உள்ள அலாரங்களைச் சேர்த்து ஒன்றாக அடிக்கத் தொடங்கியது. 2015இன் 6.0 இன்னும் கறார். சார்ஜரில் செருகாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போனை ஆழ்ந்த தூக்கத்தில் போட்டு, சாதாரண அலாரங்களைத் தள்ளிவைத்துவிடும். பாட்டியின் போன் இரவில் மேசைமேல் கிடப்பது சரியாக இப்படித்தான். மாத்திரைக்கு ஏற்றது, கடிகார அலாரத்துக்கென்றே உள்ள தனி முறை. அதில் பதிந்தால், நேரம் நெருங்கும்போதே சிஸ்டம் தூக்கம் கலைந்து தயாராகிவிடும். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலிக்கு அந்தச் சலுகை கூடாது என்பது என் உறுதியான கருத்து. பத்து நிமிடம் பிந்தினால் யாருக்கும் கெடுதல் இல்லை. 2021இன் ஆண்ட்ராய்டு 12 முதல் இத்தகைய துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி வந்தது. 14இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் பதிந்தால் செயலி முறிந்து விழும்.

அடுத்து, போனை அணைத்து மீண்டும் போடும் கதை. 8.30க்கு அணைத்து 8.40க்குப் போட்டால் பதிந்த அலாரங்கள் அத்தனையும் அழிந்திருக்கும். போன் எழுந்துவிட்டது என்ற சிஸ்டம் அறிவிப்பைக் கேட்டு, செயலி எல்லாவற்றையும் மறுபடி பதியவேண்டும். பூட்டைத் திறக்கும்வரை செயலியின் வழக்கமான சேமிப்பு மறையாக்கத்தில் மூடிக் கிடக்கும். அலாரம் நேரங்களை, ஆண்ட்ராய்டு 7 முதல் உள்ள, பூட்டைத் திறக்கும் முன்பே படிக்கக்கூடிய தனிச் சேமிப்பில் வைத்தால்தான் பூட்டிய போனிலும் 9 மணிக்கு ஒலிக்கும்.

தினசரி அலாரத்துக்கு 24 மணி நேரத்தைக் கூட்டுவது நம்மூரில் பிழையாகத் தெரியாது. ஆனால் லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகரும். 9 மணி மாத்திரை 10 மணிக்குப் போய்விடும். அரசுகள் நேரத்தையே மாற்றுவதும் உண்டு: இலங்கை 1996இல் இரண்டு முறை மாற்றியது, 2006இல் பழைய ஐந்தரை மணி நேரக் கணக்குக்கே திரும்பியது. ‘ஐந்தரை’ என்ற எண்ணைச் சேமிக்காமல் ‘ஆசியா/கொழும்பு’ என்ற வட்டாரப் பெயரைச் சேமித்து, ஒவ்வொரு நாளும் அடுத்த 9 மணியைப் புதிதாகக் கணக்கிடவேண்டும்.

வெளியிடும் முன், சோதனைக் கட்டளையால் போனை வலுக்கட்டாயமாக ஆழ்தூக்கத்தில் தள்ளிப் பாருங்கள்; அணைத்துப் போடுங்கள்; நேர வட்டாரத்தை மாற்றுங்கள். மூன்றிலும் மணி ஒலித்த பிறகு பாட்டியின் போனில் ஏற்றலாம்.