விலையிலிருந்து கழியும் ஈவு

மார்ச் மாதத்தில் பினாங்கின் பாயான் பாரு சந்தைப் பக்கம் பசியாற உட்கார்ந்தால், ஊழியர் சேமநிதியான இபிஎஃப் எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தது என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது. 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்த்த தலைமுறைக்கு டிவிடெண்ட் என்றால் இதுதான்: முதல் அப்படியே இருக்கும், ஈவு மேலே வந்து சேரும். இதே நினைப்போடு இ.டி.எஃப். வாங்கினால் முதல் ஈவு வரும் நாளிலேயே குழப்பம்தான்.

இ.டி.எஃப். என்பது ஒரு கூடைப் பங்குகள். கூடையைக் கூறு போட்டுப் பங்குச் சந்தையில் விற்கிறார்கள். 2007 முதல் புர்சா மலேசியாவில் இருக்கும் ஒன்றில் மேபேங்க், பப்ளிக் பேங்க், தெனாகா என்று கே.எல்.சி.ஐ. குறியீட்டின் 30 நிறுவனங்களும் உண்டு. 100 யூனிட்டிலிருந்து வாங்கலாம். அந்த நிறுவனங்கள் தரும் ஈவு நிதியில் சேரும். நிர்வாகச் செலவு போக மிச்சத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. மாதாமாதம் வராது.

கூறின் விலை கூடையின் மதிப்பைவிட்டு விலகினால் என்ன ஆகும்? உரிமம் பெற்ற பெரிய தரகர்கள் பங்குகளைக் கொண்டுவந்து கொடுத்துப் புது யூனிட் வாங்கலாம். யூனிட்டைத் திருப்பித் தந்து பங்குகளை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். மலிவான பக்கம் வாங்கி ஏறிய பக்கம் விற்று அவர்கள் சம்பாதிப்பதில்தான் விலை தடத்துக்குத் திரும்புகிறது. நம் சந்தையில் இ.டி.எஃப். வியாபாரம் மந்தம் என்பதால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே சில காசு இடைவெளி இருக்கும்; அவசரப்பட்டால் ஈவில் பாதி அங்கேயே போய்விடும்.

இனி அந்தக் குழப்பம். யூனிட் 1 வெள்ளி 80 காசு, ஈவு 6 காசு என்று வைத்துக்கொள்வோம். 'எக்ஸ்-டேட்' என்றொரு நாள் உண்டு. அன்றோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்கு அந்த ஈவு கிடையாது. ஆகவே அன்று காலை விலை 1 வெள்ளி 74 காசை ஒட்டித் திறக்கும். உண்டியலில் இருந்த 6 காசு சட்டைப் பைக்கு மாறியது, அவ்வளவுதான். ஈவுக்காக முந்தின நாள் ஓடிப்போய் வாங்குபவருக்குத் தரகுச் செலவுதான் மிச்சம். விலை மறுபடி ஏறுவது அந்த 30 நிறுவனங்களும் சம்பாதிப்பதைப் பொறுத்தது. பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் கடன் கொடுத்த செட்டியார்கள் வாங்கியது வட்டி. அதில் இவ்வளவு என்று பேசின பேச்சு உண்டு. ஈவில் அப்படி ஒரு பேச்சும் கிடையாது.

மாதாமாதம் வேண்டும் என்பவர்கள் அமெரிக்க நிதிகளைத் தேடிப் போகிறார்கள். அங்கே 100 டாலர் ஈவு அறிவித்தால் மலேசியர் கைக்கு வருவது 70. மிச்சம் வரிப் பிடித்தம். அதைக் குறைக்க இரு நாட்டுக்கும் இடையே வரி ஒப்பந்தம் இல்லை.

சிங்கப்பூரில் அந்தப் பிடித்தம் இல்லை. 2002 முதல் அங்கே விற்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டு நிதியில் மூன்று வங்கிகளின் பங்குதான் கனம். ஒழுங்காக ஈவு தந்த வங்கிகள். 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவே, முந்தின ஆண்டு ஈவில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் அவற்றைக் கேட்டுக்கொண்டது. வங்கிகளும் குறைத்தன.