சோறு வரும் வழி

"அரிசி எங்கிருந்து வருகின்றது?" என ஆரம்ப வகுப்பு மாணவரை வினவின், "கடையிலிருந்து" என்பர் பலர். இவ்விடை நகைத்தற்குரியதன்று, கண்டதையே குழந்தை கூறும். ஆதலின், காணச் செய்தலே ஆசிரியர் கடன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நெல் மாரிமழையை நம்பி விதைக்கப்படுகின்றது. வெங்காயமும் மிளகாயும் கிணற்றுநீரால் வளர்கின்றன. அந்நீரோ, சுண்ணக்கற் பாறையிடையே ஊறிய மழைநீரேயாம். தோட்டத்தில் மிகையாக இடும் உரத்தின் நைத்திரேற்று அதிற் கலந்து, நாம் பருகும் கிணற்றையும் அடைகின்றது.

ஆகவே, புரட்டாதியிற் பள்ளி வளவிற் பத்து நெல்மணிகளை விதைப்பித்து, தையிற் கதிர்மணிகளை எண்ணுவிக்க. ஒரு மணி பலவாதற்கு வேண்டிய நாளையும் நீரையும் உழைப்பையும் கண்ணாரக் கண்ட பிள்ளை, சோற்றை வீணாக்கக் கூசும். கிணற்றைக் காக்கவும் கற்கும்.