மூன்றில் ஒன்று எரியவில்லை

ஹெட் கேஸ்கெட் மாற்றி, பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அண்ணனின் பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் இரண்டு அடி அடித்து மூன்றாவதை விழுங்கியது. 'டக் டக்…', ஒரு இடைவெளி, மறுபடி 'டக் டக்…'. வேகம் கூட்டினால் இந்த மிஸ் கொஞ்சம் குறைந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. பக்கத்தில் நின்றால் கண் எரிந்தது. நாற்றங்கால் ஓட்ட வேண்டிய வாரம் அது.

"வயசான வண்டி, பம்பு போயிருக்கும்" என்றார் பக்கத்து வயல்காரர். பம்பைப் பிரிப்பதென்றால் பல ஆயிரம் ரூபாய். கேஸ்கெட் வேலைக்கு முன்பு ஒழுங்காக டீசல் தள்ளிய பம்பு, ஹெட்டைக் கழற்றி மாட்டியதும் ஏன் கெட வேண்டும்? பழுது பார்த்ததும் புதிதாக ஒரு கோளாறு வந்தால், கை பட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: காற்றை இறுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றும். பழைய டிராக்டரில் பிஸ்டன் காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே நெருக்குகிறது. வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. டீசல் பற்றிக்கொள்ள 250 டிகிரியே போதும். ஆனால் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் பற்றியாக வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு சூடு. இறுக்கம் குறைந்தால் சூடு குறையும், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். கண்ணைக் கரித்தது அந்தப் புகைதான்.

ஆக, எரியாமல் போக இரண்டே வழி. டீசல் சரியாக வரவில்லை, அல்லது காற்று சரியாக இறுகவில்லை.

ஊரில் ஆயில் என்ஜின் காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவரை அண்ணன் அழைத்து வந்தார். அவர் முதலில் ஏர் எடுத்தார். டீசல் குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கும். டீசலை அழுத்தினால் அது சுருங்காது, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் ஊசியைத் தூக்கும். காற்றுக் குமிழோ பஞ்சுபோல் அமுங்கிக் கொடுத்துவிடும், ஊசி அசையாது. ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள திருகுகளைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வழியும் வரை கைப்பம்பை அடித்தார். மிஸ் அப்படியே இருந்தது.

அடுத்து, என்ஜின் ஓடும்போதே நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஸ்பேனரால் அரைத் திருப்பு தளர்த்தினார். முதல் சிலிண்டரில் என்ஜின் தள்ளாடியது. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதில் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. ஏற்கெனவே வேலை செய்யாதவனை நிறுத்தினால் என்ன குறையும்?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நாசில் திறக்கும் அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல் 80 மடங்குக்கும் மேல். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். கசிவை விரலால் தொட்டுப் பார்க்கவே கூடாது, அட்டையைக் காட்டிப் பார்க்க வேண்டும். காமன் ரெயில் வைத்த புது வண்டிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு. அவற்றில் இந்த நட்டுச் சோதனையை நினைத்தே பார்க்காதீர்கள்.

இரண்டாவது நாசிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டினோம். மிஸ் நாசிலோடு இடம் மாறவில்லை, இரண்டிலேயே நின்றது. நாசில் தப்பித்தது. வால்வு சரியாக மூடுகிறதா என்று டேப்பெட் இடைவெளியைப் பார்த்தோம்: வண்டிப் புத்தகம் சொன்னபடி 0.30 மில்லிமீட்டர், விசிட்டிங் கார்டின் கனம். அதுவும் சரி.

பெரியவர் நாசிலின் அடியைச் சுற்றிக் கொஞ்சம் டீசலை ஊற்றி, செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு சுற்றுக்கும் 'புஸ், புஸ்' என்று குமிழி விட்டது.

"காத்து இங்கதான் போகுது, தம்பி."

நாசிலை மறுபடி கழற்றினோம். அதோடு ஒரு செம்பு வாஷர் வந்தது. டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தால் கரி படிந்த கறுப்பு வட்டம் மட்டுமே தெரிந்தது. வளைத்த கம்பியால் அவர் மெல்ல நெம்ப, இன்னொரு வாஷர் பெயர்ந்து வந்தது. பழசு. ஒரு பக்கம் கரி, மறுபக்கம் மினுங்கும் செம்பு. அது குழிக்குள் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் மேலே புதுசைப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நாசில் ஒரு வாஷர் கனம் மேலே ஏறிவிட்டது: பீச்சல் விழும் இடமும் மாறியது, கரி மேடுபள்ளத்தின் வழியே காற்றும் கசிந்தது. வேகம் கூட்டினால் மிஸ் குறைந்ததன் காரணமும் அப்போதுதான் புரிந்தது. பிஸ்டன் விரைந்து ஏறும்போது கசிவதற்கு நேரம் குறைவு.

பழசை ஏன் அப்படியே பயன்படுத்தக் கூடாது? செம்பு ஒருமுறை நசுங்கினால் கெட்டிப்படும். பிறகு பள்ளத்துக்கேற்ப இழையாது. நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகும், அவசரத்துக்கு அப்படிச் செய்பவர்கள் உண்டு. நாங்கள் புது வாஷரே போட்டோம். குழியைத் துடைத்து, நாசிலைப் பிடிக்கும் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார் பெரியவர். ஒரே பக்கம் இறுக்கினால் நாசில் சாய்ந்து மறுபடி கசியும்.

ஸ்டார்ட் செய்ததும் இரண்டாவது குழாயின் நட்டை நானே தளர்த்தினேன். என்ஜின் குலுங்கி அணையப் பார்த்தது.

"இறுக்கு தம்பி, இறுக்கு" என்றார் பெரியவர்.