மாவுக்கட்டு வரை போக வேண்டாம்

எலும்பு என்றால் புத்தூர்க் கட்டு. பிச்சாட்டூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் வைத்தியம். கை முறிந்தாலும் கால் பிசகினாலும் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கட்டுதான். ஆனால் பிறந்த குழந்தைக்கு வரும் ஒரு கோளாறுக்கு அந்தக் கட்டு மருந்தல்ல. காலை நீட்டி வைத்துக் கட்டினால் இன்னும் மோசமாகும். இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு அது. மருத்துவர்கள் ‘டி.டி.எச்.’ என்பார்கள்.

இங்கே எதுவும் முறியவில்லை. யாரும் கீழே போட்டுவிடவும் இல்லை. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியில் பொருந்தி உட்கார வேண்டும். சிசுவுக்கு அந்தக் குழி பெரும்பாலும் குருத்தெலும்புதான். தலை உள்ளே இருந்தால்தான் குழி ஆழமாக வளரும். நழுவி வெளியே நின்றால் தட்டையாகவே போய்விடும். குழந்தைக்கு வலி தெரியாது. பால் குடிக்கும், சிரிக்கும். ஒரு வயதுக்கு மேல் சாய்ந்து சாய்ந்து நடக்கும்போதுதான் வீட்டில் சந்தேகம் வருகிறது. எளிய வைத்தியத்துக்கான காலம் அதற்குள் கடந்துவிட்டிருக்கும். மனதை அறுப்பது இதுதான்.

பெண் குழந்தைகளுக்கும், தலைப்பிள்ளைகளுக்கும், வயிற்றில் தலை திரும்பாமல் உட்கார்ந்தபடியே இருந்த பிள்ளைகளுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இதே குறை இருந்த பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். இதில் தலைப்பிள்ளை விஷயத்தை எல்லையோர ஊர்களில் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஆந்திரத்தில் இருந்தாலும் பிச்சாட்டூர்ப் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் பக்கம் பெண் கொடுத்து எடுப்பவர்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீடு திரும்புகிறாள். பிறந்தது ஒரு மாநிலம், வளர்வது இன்னொரு மாநிலம். ‘இடுப்பை மறுபடி பார்க்க வேண்டும்’ என்று ஒரு மருத்துவர் சொன்ன வார்த்தை நடுவில் தொலைந்துபோக இது போதும்.

சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தொடையை மெல்ல விரிக்கும்போது, நழுவிய மூட்டு உள்ளே போய் விழுவதை மருத்துவரின் கை உணரும். இத்தாலியின் ஓர்தோலானி 1930-களில் விவரித்த முறை இது. 1962-இல் இங்கிலாந்தின் பார்லோ இன்னொன்றையும் காட்டினார்: பிறந்தவுடன் தளர்வாக இருக்கும் மூட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் தாமாகவே உறுதிப்படுகின்றன. ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். ஆபத்துக் காரணம் இருந்தால் ஆறாவது வாரம் அல்ட்ராசவுண்ட். எலும்பு இன்னும் உறையாத அந்த வயதில் எக்ஸ்ரே அவ்வளவாக உதவாது.

6, 10, 14-ஆவது வாரங்களில் தடுப்பூசிக்கு எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். ஆஷா பணியாளர் 42-ஆம் நாள்வரை வீட்டுக்கே வருகிறார். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் பிறவிக் குறைகள் பட்டியலிலும் இது இருக்கிறது. எனவே ஊசி போடும் நாளில் ‘பிள்ளை இடுப்பையும் பாருங்கம்மா’ என்று தாய் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. லங்கோடு மாற்றும்போது ஒரு தொடை மட்டும் சரியாக விரியவில்லையா, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா என்று வீட்டிலும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் நழுவியிருந்தால் வித்தியாசம் தெரியாது. அதற்கு மருத்துவர் கைதான் வேண்டும்.

ஆறு மாதத்துக்குள் தெரிந்தால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். செக் நாட்டு மருத்துவர் பாவ்லிக் உருவாக்கிய பட்டைவார் போதும். அவருக்கு முன்பு காலை வலுவாக விரித்து அசையாமல் கட்டினார்கள். அதில் எலும்புத் தலைக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பல குழந்தைகளின் மூட்டு கெட்டது. பாவ்லிக் கால்களை மடக்கி விரித்த நிலையில் தொங்கவிட்டு, உதைத்து விளையாட விட்டார். அந்த அசைவே மூட்டைக் குழிக்குள் கொண்டுபோகிறது. ஏறக்குறைய நாள் முழுக்க, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் போட்டிருக்க வேண்டும். பாட்டிமார் மனசு கேட்காமல் வாரைத் தளர்த்திவிடுவது உண்டு; அதைச் செய்யவே கூடாது. மூன்று நான்கு வாரத்தில் மூட்டு பொருந்தவில்லை என்றால் வேறு வழி தேட வேண்டும் என்பதால் அடிக்கடி காட்டுவதும் அவசியம்.

நம் வழக்கத்தில் ஒன்று நல்லது, ஒன்று ஆகாது. இடுப்பில் கால் விரித்து உட்காரவைத்துத் தூக்குவது மூட்டுக்கு உகந்தது. குளிப்பாட்டிய பிறகு கால்களை நேராக இழுத்து உருவுவதும், நீட்டி வைத்துத் துணியால் இறுகச் சுற்றுவதும் வேண்டாம். ஜப்பானில் 1970-களில் இந்த நீட்டிச் சுற்றும் பழக்கத்தை விடச் சொல்லி நாடு முழுக்க இயக்கம் நடத்தினார்கள். இடுப்பு விலகல் வெகுவாகக் குறைந்தது.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு. மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்தி, நெஞ்சிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை. சிலருக்கு இடுப்பெலும்பையே வெட்டித் திருப்பி வைக்க வேண்டிவரும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் எலும்பு மருத்துவமனை இருக்கிறது, வேலூரில் சி.எம்.சி. இருக்கிறது. சாய்ந்து நடக்கும் பிள்ளையை ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று வைத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிப்போங்கள்.