பழைய டிராக்டரை ஆன்லைன் ஏலத்தில் விற்கப் போகிறீர்களா? படம் எடுக்கும் முன் ஆவணத்தை எடுங்கள்!

‘குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் மானாவாரி விவசாயம் செய்கிறோம். காலமான அப்பா பெயரில் ஒரு பழைய டிராக்டர், ஒன்பது கலப்பை, போர்வெல் வற்றியதால் கழற்றி வைத்த நீர்மூழ்கி மோட்டார் இருக்கின்றன. தரகர் கேட்கும் விலை கட்டுப்படியாகவில்லை. ஆன்லைன் ஏலத்தில் விற்கலாமா? என்ன தயார் செய்ய வேண்டும்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் உள்ள சந்தேகம் என்பதால் விரிவாகவே பார்ப்போம்.

மணப்பாறை மாட்டுச்சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. ஆன்லைன் ஏலத்தில் ஒருவர் கேட்ட விலை அடுத்தவருக்குத் தெரியும், வெளியூர்க்காரரும் கேட்கலாம். அதனால் விலை ஏற வாய்ப்பு உண்டு. ஆனால், ஆவணம் சரியில்லாத டிராக்டரை எந்த ஏலத்தில் வைத்தாலும் அடிமாட்டு விலைதான்.

முதல் வேலை ஆவணம்

டிராக்டர் இறந்தவர் பெயரில் இருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு புதுக்கோட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்கள். கடன் கட்டி முடித்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருக்கலாம். வங்கியிடம் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கிவிடுங்கள். மானியத்தில் வாங்கிய கருவி என்றால், விற்பதற்குத் தடைக்காலம் உள்ளதா என்று வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

குறையை மறைக்காதீர்கள்

1995-ம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஈபே’ ஏலத்தளம் தொடங்கப்பட்டபோது, அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன லேசர் பாயின்டர். அது 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார். குறையைச் சொன்னாலும் வாங்க ஆள் உண்டு. மறைத்து விற்றால் பேசிய விலை, வண்டியை நேரில் பார்க்க வந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

டிராக்டரைக் கழுவுங்கள், ஆயில் கசிவின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். நான்கு பக்கமும், டயர்கள், மணி மீட்டர், ஹைட்ராலிக் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். காலையில் இன்ஜின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து, புகை தெரியும்படி வீடியோ எடுங்கள். மோட்டார் என்றால் எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ், எத்தனை முறை காயில் கட்டியது என்று எழுதுங்கள். ஆர்.சி., ஆதார் படங்களைப் பொதுவில் போட வேண்டாம்.

அடிமட்ட விலை உங்கள் கையில்

ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்களில் நீங்கள் விலை போடுவீர்கள். வாங்குபவர் பேரம் பேசுவார். ஸ்ரீராம் ஆட்டோமால் போன்ற நிறுவனங்கள் முறையாக ஏலமே நடத்துகின்றன. ஏலம் என்றால், ‘இதற்குக் குறைந்தால் விற்க மாட்டேன்’ என்ற விலையை முன்பே எழுத்தில் கொடுக்க முடியுமா, கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். அதே மாடல், அதே வருட வண்டிகளுக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, டீலர் எக்ஸ்சேஞ்ச் விலையோடு ஒப்பிடுங்கள். கலப்பைக்குப் பழைய இரும்புக்கடை எடை விலைதான் அடிமட்டம். அதற்குக் கீழே இறங்காதீர்கள். நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பிரதானம். எனவே, உழவுக்கருவிகளை ஆவணி, புரட்டாசியில் விற்பனைக்கு வைப்பது நல்லது.

பணம் வரும்போது பின் நம்பர் எதற்கு?

‘ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்’ என்று ஒருவர் பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. பணம் வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கு இருப்பைப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சாவி கொடுத்தால் மட்டும் போதாது

விற்ற டிராக்டர் விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வண்டி பல கை மாறியிருந்தாலும் இதே நிலைதான். எனவே, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். ஒப்படைத்த தேதி, நேரத்தோடு விற்பனைக் கடிதம் எழுதி, வாங்கியவரின் அடையாள அட்டை நகலோடு பத்திரப்படுத்துங்கள். புதிய ஆர்.சி.யில் அவர் பெயர் ஏறிய நகல் கைக்கு வந்த பிறகுதான் விற்பனை முடிந்தது என்று அர்த்தம்.